தமிழ் அவசரம், தெலுங்கு அவசரம்

ஆசியவியல் மாநாட்டைத் திருப்பதிக்கு அழைத்துவர வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. வாய் தவறி வந்தது. முந்தைய மாநாடு ஒரு வெளிநாட்டு நகரத்தில் நடந்தது. கடைசி இரவு விருந்தில், மாநாட்டை நடத்துகிற சங்கத்தின் தலைவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். வீடு சித்தூரில், பேராசிரியர் வேலை திருப்பதியில் என்று சொல்லிவிட்டு, நம் வழக்கப்படி, "ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்க" என்பதை ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். நம் பக்கத்தில் அதற்கு அர்த்தம், சரி, நான் கிளம்புகிறேன் என்பதுதான். பஸ் நிலையத்தில் பார்க்கிற பழைய பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதைச் சொல்வோம். அவரும் கட்டாயம் வருகிறேன் என்பார். யாரும் வந்து தொலைப்பதில்லை.

அந்த மனிதர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அடுத்த மாநாட்டை ஏற்று நடத்த எந்த ஊரும் முன்வராமல் அவர் தவித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை நிறைவுக் கூட்டத்தில் திருப்பதி என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஊருக்கு வந்து துணைவேந்தரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார். அரங்கம் தருகிறேன், விடுதி தருகிறேன், பணம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்றார். பணத்தைப் பார்த்துக்கொள்ளப் பொருளாதாரத் துறையிலிருந்து ஒருவரைப் பொருளாளராகப் போட்டுக் கொடுத்தார். அவரை எனக்கு முன்பே தெரியும். பிறந்து வளர்ந்தது திருப்பதி, தாய்மொழி தெலுங்கு. தமிழ் சினிமா பார்த்துப் பார்த்துத் தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் வராது. நான் தமிழில் கேட்பேன், அவர் தெலுங்கில் பதில் சொல்வார். எங்கள் சிநேகிதம் பல வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ரொம்ப ஒழுங்கான மனிதர். ஒரு வார்த்தையை அதன் அர்த்தத்துக்கு மேல் ஒரு நூல்கூட இழுக்கமாட்டார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இருவருமாகப் பணம் கேட்கக் கிளம்பினோம். திருப்பதியில் அன்னதானம் என்றால் யோசிக்காமல் கொடுப்பார்கள். ஆராய்ச்சி என்றால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். "சூஸ்தாம்" என்பார்கள். பார்க்கலாம் என்று அர்த்தம், ஆனால் பார்க்கமாட்டார்கள். ஒரு நகைக்கடைக்காரர், வருகிற வெளிநாட்டுக்காரர்கள் நகை வாங்குவார்களா என்று கேட்டார். நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்று எல்லோருக்கும் பை கொடுக்க முன்வந்தது, பையின் இரண்டு பக்கமும் அதன் விளம்பரம் இருக்கவேண்டும் என்று நிபந்தனை. பகல் சாப்பாட்டுக்கு ஆள் கிடைத்தார். தேநீருக்கும் கிடைத்தார். சால்வைக்குப் போட்டியே நடந்தது. விமான டிக்கெட்டுக்கு மட்டும் ஒருவரும் கிடைக்கவில்லை. காரணம் எளிது, டிக்கெட்டில் கடைப் பெயரை அச்சடிக்க முடியாது.

எனக்கோ அந்த டிக்கெட்தான் முக்கியம். ஆசியாவைப் பற்றிய மாநாடுகளுக்கு எப்போதும் பணக்கார நாடுகளின் பல்கலைக்கழகங்களிலிருந்துதான் கூட்டம் வரும். அவர்களுக்கு நிறுவனமே செலவு செய்யும். லாவோஸிலும் நேபாளத்திலும் கம்போடியாவிலும் இருந்துகொண்டு தன் ஊரைப் பற்றித் தானே எழுதுகிற இளைஞர்களுக்கு யார் கொடுப்பார்கள்? அப்படி நாலைந்து பேரையாவது வரவழைக்காவிட்டால் இந்த மாநாட்டை நடத்துவதே வெட்கம் என்று முதல் கூட்டத்திலேயே மேசையைத் தட்டிப் பேசிவிட்டேன். தட்டியது தட்டியாகிவிட்டது, இனி நான்தான் வழி செய்யவேண்டும்.

அவர்களில் இலங்கைப் பெண் ஒருத்தி. சிங்களப் பெண், மலைநாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. வழிப்போக்கர்கள் தங்குகிற பழைய மடங்களைப் பற்றி எழுதியிருந்தாள். அங்கே அவற்றை அம்பலம என்பார்களாம். வந்த கட்டுரைகளில் என்னை உட்காரவைத்துப் படிக்கச் செய்தது அதுதான். சாலையோர மடத்தில் யார் எந்தத் தூணில் சாய்ந்து தூங்குவது என்பதில்கூட ஒரு வரிசைமுறை இருந்ததாம், கிராமம் கிராமமாகப் போய் விசாரித்து எழுதியிருந்தாள். மற்றவர்கள் சுற்றி வளைத்து உதவி கேட்டபோது அவள் நேராக எழுதினாள். டிக்கெட் கிடைத்தால் வருவேன், இல்லையென்றால் வரமுடியாது, வரும் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் கல்லூரியில் விடுப்பும் பிறகு விசாவும் கேட்க முடியும், கல்லூரியில் அதற்குமேல் பொறுக்கமாட்டார்கள் என்று. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் சித்தூர் மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்குப் போனோம். ஜூன் மாதம், சீசன் உச்சத்தில் இருந்தது. தோதாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை நின்றன. உள்ளே இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனை தொண்டை வரை இறங்கியது. முதலாளி தமிழ்நாட்டு எல்லையோரப் பாலசமுத்திரம் பக்கத்துத் தமிழர். எங்களை உட்காரவைத்து, கேட்காமலே ஆளுக்கு ஒரு டம்ளர் கூழ் வரவழைத்தார்.

"மாநாடுன்றீங்களே, எந்தக் கட்சி மேடம்?" என்று ஆரம்பித்தார்.

"கட்சி இல்ல சார். ஆசியாவப் பத்திப் படிக்கறவங்க கூடறது."

"ஆசியான்னா நம்மளும் அதுலதான வரோம்?"

"நம்மளும்தான் சார்."

"அப்பச் சரி. நான் இன்னாவோ சைனா, ஜப்பான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். பிறகு பொருளாளர் தெலுங்கில் எடுத்தார். எந்தெந்த நாடு, எத்தனை டிக்கெட், டிக்கெட்டில் பெயர் போட முடியாது, மன்னிக்கவேண்டும், அதற்குப் பதிலாக மேடை பேனரில் போடுகிறோம், மாநாட்டு மலரில் ஒரு பக்கம் தருகிறோம், சால்வை போர்த்துகிறோம், டிக்கெட்டில்தான் முடியாது, மறுபடி மன்னிக்கவேண்டும், பணம் செக்காகத் தருவதா வங்கி வழியாகவா, எந்த வாரம் தோதுப்படும் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலாளி மரியாதைக்காக அவருக்குத் தெலுங்கிலேயே பதில் சொன்னார்.

"அவன்னீ அவசரம் லேதண்டி."

அதற்குள் எடைமேடையில் ஏதோ தகராறு என்று ஆள் வந்து கூப்பிட்டார். முதலாளி எழுந்து எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். அவ்வளவுதான் பேச்சு.

காரில் ஏறினதும் பொருளாளர் பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷன். இல்லேன்றதையும் பதமா சொல்லிட்டார்" என்றார். அவர் சொன்னது தெலுங்கில், எழுதுவது நான் என்பதால் தமிழில்.

"எங்க சார் இல்லேன்னாரு? அவசரம் இல்லன்னுதானே சொன்னாரு?"

"அதேதான் மேடம். அவசரம் லேது. வேண்டியதில்லை."

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம், பரபரப்பு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. "அவன்னீ அவசரம் லேது" என்பதைத் தெலுங்குக்காரர் சொன்னால் அதெல்லாம் தேவையில்லை என்று அர்த்தம். எங்களைப்போல் தமிழை உள்ளே வைத்துக்கொண்டு தெலுங்கு பேசுகிற சித்தூர்க்காரர் சொன்னால், அதெல்லாம் ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகப் பார்க்கலாம் என்றும் இருக்கலாம். ஒன்றாம் வகுப்பில் நான் சுண்டுவிரலை நீட்டி "டீச்சர், அவசரம்" என்று கதறியபோது, புதிதாக வந்த தெலுங்கு டீச்சர், ஏதோ வேண்டுமாக்கும் என்று நினைத்துப் புது பென்சிலை எடுத்துக் கொடுத்தார். அன்று நடந்ததை இங்கே எழுதமாட்டேன்.

திருப்பதிக்குத் திரும்புகிற வழியில் பாகாலா வரை இதே சண்டை.

"அவர் பேசினது தெலுங்கு" என்றார் பொருளாளர்.

"பேசினது தெலுங்கு சார், நெனச்சது தமிழ்."

"நெனச்சத நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு, தெரியுமா?"

"அப்போ யாராவது மலையாளத்துக்காரரப் பாத்துக் கேட்டிருக்கணும்" என்றார்.

பாகாலாவில் இறங்கித் தேநீர் குடித்தோம். திரும்ப ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுத்துவிட்ட மனிதரைத் திரும்பக் கேட்டால் அது வற்புறுத்தல், அவருக்கும் சங்கடம், நமக்கும் சிறுமை என்றார். அவசரமில்லை என்று சொல்லியிருந்தால் அதற்குள் போன் போடுவது அதைவிட அநாகரிகம். இரண்டு அர்த்தத்திலும் போன் போடக்கூடாது என்று ஆகிவிட்டது. இல்லாத பணத்தை நம்பி அந்தப் பெண்ணை வரச் சொல்வது பாவம், இன்றைக்கே மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுங்கள் என்றார். நியாயம்தான். அந்த நியாயம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மீதி வழி பூராவும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தேன். அவர் பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை முழுக்க அவளுக்கு எழுதப் பார்த்தேன். "மிகவும் வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து அழித்தேன். இன்னும் கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று எழுதி அதையும் அழித்தேன். சாலையோர மடங்களைப் பற்றி அவ்வளவு அக்கறையாக எழுதின பெண்ணுக்கு, எங்கள் ஊரில் உனக்கு இடமில்லை என்று எழுத என் விரல் வரவில்லை. பயமாக இருந்தது. மேசையைத் தட்டிப் பேசியதெல்லாம் வெறும் வாய்தான் என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

வியாழக்கிழமை காலை திருப்பதி பஸ்ஸுக்குக் கிளம்பினவள், பஸ் நிலையத்துக்குப் போகாமல் ஆட்டோவைத் தொழிற்சாலைப் பக்கம் திருப்பச் சொன்னேன். போன்தானே போடக்கூடாது, நேரில் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று வழியில் முடிவு செய்துகொண்டேன். இலக்கண சந்தேகம் மட்டும் கேட்கலாம், அதில் யாருக்கும் சிறுமை இல்லை.

முதலாளி வாசலிலேயே நின்று டிராக்டர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இவ்ளோ காலையில?"

"ஒண்ணுமில்ல சார். அன்னிக்கு அவசரம் லேதுன்னு சொன்னீங்களே, அது தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா?"

என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். படித்துப் படித்து இந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். "தெலுங்குலதான மேடம் பேசிக்கினு இருந்தோம்? தெலுங்கு அவசரம்தான்" என்றார்.

பொருளாளர் முகம் கண்முன்னால் வந்து தலையாட்டியது. "அப்ப வேணாம்னுதான் சொல்லியிருக்கீங்க" என்றேன்.

"வேணாம்னுதான் சொன்னேன். பேனரு, மலரு, சால்வ, அதெல்லாம் எனுக்கு இன்னாத்துக்கு மேடம்? ஒங்க சாரு, பேரு போட முடியாது, மன்னிச்சிக்கோங்கன்னு சொல்லிக்கினே இருந்தாரு. பாவமா இருந்துச்சு. அதான் அவன்னீ அவசரம் லேதுன்னேன். டிக்கெட்டு வேணாம்னு எப்ப சொன்னேன்?"

நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"டப்பா டப்பாவா சரக்கு வெளிநாட்டுக்குப் போவுது. அங்கேர்ந்து ஒருத்தரும் இந்தப் பக்கம் வந்து நான் பாத்ததில்ல. நாலு பேரு வரட்டுமே" என்றார். பிறகு, "அக்கவுண்டு நம்பரு அனுப்புவீங்கன்னு அன்னிலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன். ஒங்களுக்குத்தான் அவசரமே இல்ல போலக்குது" என்று சொல்லிவிட்டு, விரலை உயர்த்தி, "இது தமிழ் அவசரம் மேடம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரை. பக்கத்தில் நின்ற டிராக்டர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் எதற்கோ சிரித்தார்.

பொருளாளருக்குப் போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது, "தெலுங்கு அவசரம்தானே?" "ஆமா" என்றேன். "நான்தான் சொன்னேனே" என்றார். "பணம் தராரு, நான்தான் சொன்னேனே" என்றேன். இருவருமே ஜெயித்த சண்டை என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். இலங்கைப் பெண்ணுக்கு அன்று மதியமே எழுதினேன், வா என்று. இந்தத் தடவை நிஜமாகவே வரச் சொல்லி. ஒரே வரியில் பதில் வந்தது, விடுப்புக் கேட்டுவிட்டேன், கொடுத்துவிட்டார்கள் என்று.

மாநாடு குளிர்காலத்தில் நடந்தது. நாங்கள் குறித்த நாட்கள் முகூர்த்த நாட்களாகப் போய்விட்டன, ஊரில் அறைக்குப் பஞ்சம். அதனால் சிலரைக் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில் தங்கவைத்தோம். மங்கோலியாவிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் கீழே இறங்கி, அது மாநாட்டுச் சாப்பாடு என்று நினைத்துப் பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டு, மணமக்களுக்கு அட்சதையும் போட்டுவிட்டு வந்தார்கள். பெண் வீட்டார் அவர்களுக்குத் தாம்பூலப் பையும் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் பயிற்சி நிலையப் பையைவிட அது நன்றாக இருந்தது என்று என்னிடம் காட்டினார்கள். மற்றபடி மைக் சரியாக வேலை செய்தது, சாம்பார் காரம் என்று மட்டும் புகார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கூழ்த் தொழிற்சாலை முதலாளி வருவாரோ மாட்டாரோ என்று இருந்தேன். இரண்டாம் நாள் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். முன்வரிசை வேண்டாம் என்று அடம் பிடித்து, மூன்றாவது வரிசையில் பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். பேனரில் அவர் பெயர் இல்லை, அவர் கேட்டபடியே. அந்த அமர்வுக்குத் தலைமை நான். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று கறாராக அறிவித்து, மேசைமேல் மணியையும் வைத்திருந்தேன். இலங்கைப் பெண்ணுக்கு முன்னால் பேசியவர்களை அந்த மணியால் ஈவிரக்கமில்லாமல் உட்காரவைத்திருந்தேன்.

அவள் மேடைக்கு வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். இளநீலப் புடவை, கையில் தாள்கள். ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதற்கு முன், முன்வரிசையில் இருந்த வயதான புத்த பிக்குவைப் பார்த்து, பிறகு சபை முழுவதையும் பார்த்துக் கைகூப்பி, தன் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"அவசரயி."

சிங்களத்தில் அவசர என்றால் அனுமதி. பெரியவர்கள் முன்னால் வாய் திறப்பதற்கு முன் அப்படிக் கேட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். இதையெல்லாம் அவளிடம் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குக் கேட்டது அந்த வார்த்தை மட்டும்தான்.

மூன்றாவது வரிசையிலிருந்து முதலாளியின் குரல், டிராக்டர்களை அதட்டுகிற அதே குரல், அரங்கம் முழுக்கக் கேட்டது.

"இன்னாத்துக்கும்மா அவசரம்? அத்தினி தூரம் வந்துக்கீற. நிதானமா சொல்லு."

தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவர் உனக்கு அனுமதி கொடுத்துவிட்டார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. மூன்றாவது வரிசைக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

மேசைமேல் இருந்த என் போனில் வெளிச்சம் வந்தது. பொருளாளர் செய்தி அனுப்பியிருந்தார். பக்கத்தில் இருப்பவர் இப்போது சொன்னது தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா என்று கேட்டிருந்தார். "தமிழ்தான் சார், இந்தத் தடவை நான் ஜெயிச்சேன்" என்று பதில் போட்டேன். பிறகு மணியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.